நெருப்புப்பெட்டியோடு இருந்தவள்

2, திங்கள்

விடியமுன் தூறல். எட்டு மணிக்கு வெயில். பல்கனிக் கொடியில் உடுப்பை இரண்டு தரம் போட்டு இரண்டு தரம் எடுத்தாயிற்று.

வாங்க: பிரஷர் குளிசை (இவருக்கு, ஒரு மாதத்துக்கு), பச்சை மிளகாய், கிரக்கர் பிஸ்கட், குளியலறைக்கு பல்பு.

புட்டு அவித்துக்கொண்டு நிற்கும்போது இவர் பேப்பரோடு குசினிக்குள் வந்தார். ஒரு மூலையில் விரலை அழுத்திப் பிடித்தபடி.

"என்ன, ஆரும் செத்துப்போச்சினமோ?"

இல்லையென்று தலையாட்டினார். வாங்கி வாசித்தேன். பழைய படங்கள் போடுகிற ஒரு வட்டமாம். கொட்டாஞ்சேனையில் ஒரு ஹோல். சனிக்கிழமை பின்னேரம் மூன்றரை. புதன் முதல் ரிக்கற். படத்தின் பெயரைப் பார்த்ததும் அடுப்பைக் குறைக்க மறந்து நின்றுவிட்டேன்.

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் நெருப்புப்பெட்டிப் படம்.

கல்யாணம் கட்டி நாலாம் மாதம் பார்த்தது. அதுவும் கொட்டாஞ்சேனையில்தான், அப்போது இருந்த தியேட்டரில். பார்த்தோம் என்று சொல்லக்கூடாது. முக்கால்வாசி. கறுப்பு வெள்ளை, இங்கிலீசு, சண்டைக் காலத்து உளவுப் படம். துறைமுகத்துக் கிளார்க் ஒருவன் எதிரியின் கப்பல்களைக் களவாக எண்ணுகிறான். (இவரும் அப்போது கப்பல் கொம்பனிக் கிளார்க். "என்ரை வேலையைத்தான் படமா எடுத்து வைச்சிருக்கிறாங்கள்" என்று காதுக்குள் சொல்லிச் சொல்லி என்னைப் பார்க்கவே விடவில்லை.) அவன் எண்ணினதை ஊரின் மறுபக்கத்தில் ஒரு தையல்காரி இரகசிய ரேடியோவில் அனுப்புவாள். ஒவ்வொரு பின்னேரமும் காவலரணைத் தாண்டினதும் அவன் அவளுடைய வீட்டுப் போனுக்கு அடிப்பான். இரண்டு ரிங், கட். சுகமாகத் தாண்டிவிட்டேன் என்று அர்த்தம். அவள் எடுக்கக்கூடாது, லைனை ஒட்டுக்கேட்கிறார்கள். ரிங் வராவிட்டால் கடதாசியெல்லாம் எரித்துவிட்டு ஓட வேண்டும்.

கடைசியில் ஒரு நாள் அவன் பிந்துகிறான். அவள் போனுக்கு முன்னால் இருக்கிறாள். கையில் நெருப்புப்பெட்டி. ஒரு குச்சியை எடுக்கிறாள்.

தியேட்டரில் லைட்டைப் போட்டுவிட்டார்கள். குண்டு என்று ஆரோ சொன்னார்களாம். புரளி. எல்லோரும் வெளியே. அதற்குப் பிறகு அந்தப் படம் திரும்ப வரவில்லை. முப்பது வருசத்துக்கு மேலாக அந்தப் பெட்டை குச்சியும் கையுமாக அப்படியே இருக்கிறாள்.

"தனிய," என்றார் இவர்.

"என்ன தனிய?"

"நான்." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "தனிய."

புட்டுப் பானையில் தண்ணீர் வற்றிப்போனது. நல்ல கோபம் எனக்கு. எங்கள் இருவரின் படம் அது. இவருக்கு மட்டும் எழுதித் தந்த படமோ? மத்தியானம் வரை கதைக்கவில்லை. இவரோடு கதைக்காமல் இருப்பது இப்போது ஒரு தண்டனையே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. அதுவும் கோபம்.

3, செவ்வாய்

வெக்கை. கடற்பக்கத்து யன்னலைத் திறந்தால் ரயில் சத்தம், மூடினால் அவிகிறது.

பத்து மணிக்கு ருஷ்தா வந்தாள், பேச்சுப் பயிற்சிக்கு. நல்ல பிள்ளை. பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. படம் படமாகக் காட்டிக் கேட்பாள். குடையின் படத்தைக் காட்டினாள். இவர் வாயைத் திறந்து "கு... கு..." என்றார். நான் வாசலில் நின்று "குடை" என்றேன்.

"அன்ரி."

"சரி சரி."

அடுத்த படம், பூட்டுக்குப் பக்கத்தில் திறப்பு. "தி..." என்றார். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். கை பொத்தியிருக்க வாய் சொல்லிவிட்டது. இருபத்தெட்டு வருசம் கணித ரியூஷன் கொடுத்தவளுக்குப் பிள்ளை கரும்பலகையில் திணறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஏலாது.

போகும்போது ருஷ்தா என்னைப் படியடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள்: "அன்ரி, கோவிக்க வாணாம். நீங்க பக்கத்துல ஈந்தா அங்கிள் தேடவே மாட்டாரு. தேடி எடுத்தாத்தான் அது அவருக்கு நிக்கும். கொஞ்சம் தனியா உடுங்களேன்."

இவளும் தனியவாம். எல்லோரும் சேர்ந்து சதி.

இன்று இவர் தானாக எடுத்த சொற்கள்: தண்ணி, சூடு, ரேடியோ, விசர் (மின்விசிறி இல்லை, பைத்தியம்; எனக்குத்தான்).

எழுதிவைக்க வேண்டும், வேறு யாரிடம் சொல்வது. படத்தில் பார்த்த அந்த ரிங்கை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். சண்டைக் காலத்தில் இவர் கோட்டைக்கு வேலைக்குப் போய்வருவதற்குள் எத்தனை செக்பொயின்ட். மறிப்பார்கள், இறக்குவார்கள், சிலநேரம் கொண்டுபோவார்கள். ஒபிசுக்குள் போனதும் வீட்டுப் போனுக்கு இரண்டு ரிங் அடித்துக் கட் பண்ணுவார். அதற்குப் பிறகுதான் எனக்குத் தேத்தண்ணி இறங்கும். சண்டை முடிந்தும் விடவில்லை. மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனாலும் இரண்டு ரிங். மகள் துளசி சின்னதில் கேட்பாள், "ஏனம்மா போனை எடுக்கிறீங்கள் இல்லை?" என்று.

இந்த வருசம் ஜனவரியில் ஒரு நாள் கொள்ளுப்பிட்டிக்கு பாங்க் வேலையாகப் போனவர். ரிங் வரவில்லை. மூன்று மணித்தியாலம் போனுக்கு முன்னால் இருந்தேன். பிறகு அடித்தது. இரண்டோடு நிற்கவில்லை. எடுத்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண், ஆஸ்பத்திரியில் இருந்து. ஸ்ட்ரோக்.

அன்றிலிருந்து இவரைத் தனியாக லிப்டுக்கும் விடவில்லை.

4, புதன்

நல்ல வெயில். கால் நோ. ஏனென்று கீழே.

இவர் பத்தரைக்குப் புதுச் சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ரிக்கற் எடுக்கப் போகிறாராம். ருஷ்தா சொன்னதை நினைத்துக்கொண்டு, "சரி, போயிட்டு வாங்கோ," என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை. கதவைச் சாத்தித் திரும்பினால் மேசையில் இவருடைய போன். மறந்துவிட்டுப் போய்விட்டார். போனைக் கொடுக்கத்தான் பின்னால் போனேன் என்று யாரும் கேட்டால் சொல்லலாம். பொய். குடையும் மகள் து. விட்டுப்போன கறுப்புக் கண்ணாடியும் முதலே எடுத்து வைத்திருந்தேன். மாஸ்க்கும்.

காலி வீதி வரை நல்லாகத்தான் நடந்தார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து. மருந்துக்கடை வாசலில் நின்று மூச்சு வாங்கினார், நான் புடவைக்கடைப் பொம்மைக்குப் பின்னால். "அக்கா, சாரியா சுரிதாரா?" என்று கடைப் பெட்டை. "சும்மா இரு பிள்ளை," என்றேன்.

மட்டக்குளி பஸ். இவர் முன்கதவால், நான் பின்கதவால். இவருக்கு முன்னால் இடம் கிடைத்தது. நான் பின்சீற்றில், ஒரு பெரிய ஆளுக்குப் பின்னால்.

கொண்டக்டர் இவரிடம் போனான். இவர் வாயைத் திறந்தார். "கொ..." பஸ் ஓடுகிறது. "கொ..." கொண்டக்டர் காசுக்கட்டோடு நிற்கிறான். பின்னால் இருந்து கத்திவிடுவேன் போல இருந்தது. மாஸ்க்கைக் கடித்தேன். பிறகு கேட்டது: "கொட்டஹேன." சிங்களத்தில் வந்துவிட்டது! எந்த வாசலால் வந்தால் என்ன. கொண்டக்டருக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை, ரிக்கற்றைக் கிழித்துக் கொடுத்தான். எனக்குக் கண்ணாடிக்குள்ளே தண்ணீர்.

பம்பலப்பிட்டிச் சந்தியில் பொலிஸ் தடுப்பு. ஆரோ பெரிய ஆள் போகிறாராம், வீதியை மறித்து வைத்திருந்தார்கள். ட்ரைவர் எஞ்சினை நிற்பாட்டினான். வெளியே பொலிஸ்காரன் கையை நீட்டியபடி.

இந்த இடத்தைச் சரியாக எழுத வேண்டும்.

எஞ்சின் நின்றதும் என் கை தானாகப் பைக்குள் போனது. அடையாள அட்டையை எடுத்தேன். எழும்பினேன். பொலிஸ் பதிவுத் துண்டையும் கை தேடுகிறது. அந்தக் காலத்தில் பஸ்ஸை மறித்தால் இறங்கி, அட்டையை முன்னுக்குப் பிடித்து, வரிசையில் நடந்து காட்ட வேண்டும். தமிழ்ப் பேர் என்றால் இன்ன வீட்டில்தான் இருக்கிறேன் என்று பொலிஸ் எழுதித் தந்த துண்டும் வேண்டும். இப்போது அப்படி ஒருவரும் கேட்பதில்லை. துண்டும் இல்லை, எப்போதோ எறிந்தாயிற்று. கைக்கு மட்டும் அது தெரியாது.

பஸ் நிறையச் சனம். எழும்பி நின்றது இரண்டே இரண்டு பேர். பின்னால் நான். முன்னால் இவர். இவர் கையிலும் அட்டை.

"அன்ரி, மெதன பஹின்ன பே," என்றான் கொண்டக்டர். இங்கே இறங்க ஏலாதாம். அவன் யாரோடு கதைக்கிறான் என்று பார்க்க இவர் திரும்பினார்.

கறுப்புக் கண்ணாடி. மாஸ்க். குடை. நீட்டிப் பிடித்த அட்டை. பக்கத்தில் காதுக்குள் வயரைச் செருகியிருந்த பெட்டை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இருபது இருக்குமோ என்னவோ. ஏன் எழும்பினோம் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது.

இவர் என்னைப் பார்த்தார். என் அட்டையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். ஜனவரிக்குப் பிறகு வாய் ஒரு பக்கந்தான் ஏறும். அந்த ஒரு பக்கத்தாலேயே தோள் குலுங்கச் சிரித்தார். நானும் தொடங்கிவிட்டேன். பஸ்ஸின் நடுவில் இரண்டு கிழடுகள்.

"ஸ்பை," என்றார். ஒரு திக்கலும் இல்லாமல்.

வழி விட்டதும் அடுத்த தரிப்பில் என்னை இறங்கச் சொல்லி விரலால் காட்டினார். போனைக் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். பஸ் போய்விட்டது. வெள்ளவத்தையில் வீடு வரை நடந்தே வந்தேன், பஸ் ஏற மனமில்லை. அதுதான் கால் நோ.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றமுன் வீட்டுப் போன். ஒன்று. இரண்டு. கட். ஜனவரிக்குப் பிறகு முதல் தரம். செருப்போடு நிலத்தில் இருந்து அழுதேன். நல்லாகவே அழுதேன்.

5, வியாழன்

மழை. மின்சாரம் ஒரு மணித்தியாலம் இல்லை.

ரிக்கற் இரண்டு. நேற்று மேசையில் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். இன்று காலை கேட்டேன். "தனிய எண்டனீங்கள். பிறகென்ன ரெண்டு?"

தோளைக் குலுக்கினார்.

"ஏன் தனிய எண்டு கேட்டனீங்கள்? அதை முதல் சொல்லுங்கோ. எனக்குத் தெரியோணும்."

வாயைத் திறந்தார். நான் என் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன். மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. நாலு நிமிசமோ ஐந்தோ. சொல் வந்து வந்து திரும்பிப் போனது. நான் ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை. இதை எழுதிவைக்கிறேன், ருஷ்தாவுக்குக் காட்ட.

"நீ... என்ரை... வாய்," என்றார். கொஞ்ச நேரம் பொறுத்து, "எனக்கு... என்ரை... வேணும்."

அது சுட்டது. உண்மைதான் சுடும். கடைக்காரர் இவரைக் கேட்டால் நான் பதில் சொல்கிறேன். டொக்டர் கேட்டால் நான். து. வீடியோவில் கேட்டால் நான். மனுசன் எட்டு மாதமாக என் வாய்க்குப் பின்னால் நிற்கிறார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன். தலையைத் தடவினார், பூனையைத் தடவுவதுபோல.

து. பின்னேரம் ரொறன்ரோவில் இருந்து போன் எடுத்தாள். பஸ் கதையைச் சொன்னேன்.

"அம்மா, நீங்கள் அப்பாவைப் பின்தொடர்ந்தனீங்களோ? மாஸ்க்கும் போட்டுக்கொண்டோ? கடவுளே!"

"போன் குடுக்கப் போனனான்."

"ஓம், ஓம்."

இவள் அந்தப் படத்தை எப்போதோ கொம்பியூட்டரில் பார்த்து முடித்துவிட்டாள். லிங்க் அனுப்பட்டோ என்று எத்தனை தரம் கேட்டிருப்பாள். அப்பா மாட்டேன் என்பார்: ஹோலில் விட்டதை ஹோலில்தான் பிடிக்க வேண்டுமாம். நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

"முடிவைச் சொல்லட்டோ?" என்றாள் து.

"வாயைப் பொத்து. சத்தியம் பண்ணினனி."

எனக்கான காரணம் வேறு. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருசம் அந்த ரிங்கை நம்பித்தான் இவரை வெளியே விட்டேன். படத்தில் அந்த மனுசனுடைய ரிங் வராமலே போயிருந்தால்? அதைத் தெரிந்துகொண்டு எப்படி அடுத்த நாள் வீட்டில் இருந்திருப்பேன்? ஜனவரிக்குப் பிறகு இன்னும் பயம். அந்தத் தையல்காரியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

6, வெள்ளி

வானம் மூடம். மழை இல்லை.

கோயிலுக்குப் போய் வந்தேன். அரிச்சனை இவர் பேரில். வடை வாங்கினேன், இவருக்கு ஒன்று, எனக்கு இரண்டு.

சேட் அயர்ன் பண்ணிக்கொண்டிருக்க இவர் வந்து கதவு நிலையில் சாய்ந்தார். முகம் சரியில்லை. இரண்டாவது ரிக்கற்றை நீட்டினார்.

"நீயும்... வா."

எவ்வளவு ஆசை எனக்கு. உடனே என்ன சாரி என்றுகூட நினைத்துவிட்டேன். நீலம்.

"ஏன், பயமோ?"

"ஓம்." பிறகு, "முடிவு. சொல்ல... ஏலாது."

முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. திங்கட்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு, கோபம் ஆறாமல் நான்தான் சொன்னேன்: "தனியப் போறதெண்டால் போங்கோ, ஆனால் வந்து முடிவை ஒண்டும் விடாமல் எனக்குச் சொல்லோணும்." ரியூஷன் ரீச்சரின் வாய். அதை நாலு நாளாக வைத்து யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறார். வழியில் விழுவதற்குப் பயமில்லை. வீட்டுக்கு வந்து எனக்கு முன்னால் நின்று சொல் வராமல் போகுமே என்று பயம்.

அயர்னை நிமிர்த்தி வைத்தேன்.

"இஞ்சருங்கோ. ரெண்டு பேரும் அங்கை போயிருந்தால் ரிங்கை ஆர் கேக்கிறது?"

யோசித்தார்.

"படத்திலை அவள் வீட்டிலை இருந்தபடியால்தான் அவன் துணிஞ்சு போனவன். நான் இருக்கிறன். நீங்கள் போங்கோ. முடிவு சொல்ல ஏலாட்டில் சொல்லாதேங்கோ. ஆறுதலா, அடுத்த மாசம் சொல்லுங்கோ. எனக்கென்ன அவசரம், முப்பது வருசம் இருந்தனான்."

"மற்றது?" ரிக்கற்றைக் காட்டினார்.

"பக்கத்துக் கதிரையிலை குடையை வையுங்கோ. ஸ்பை இருக்கிறாளெண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ."

ஒரு பக்கத்தால் சிரித்தார். சேட்டில் கொலரை இரண்டாம் தரம் அயர்ன் பண்ணினேன், தேவையில்லாமல்.

7, சனி

வெயில், காற்று. கடல் கொஞ்சம் சத்தம்.

1.40. போய்விட்டார். கொண்டுபோனவை: போன் (சார்ஜ் நிறைய), அட்டை, ரிக்கற் இரண்டு, குடை, தண்ணீர்ப் போத்தல், ஊர்ப் பேர் எழுதிய துண்டு. துண்டை வாசலில் திருப்பித் தந்துவிட்டார். பல்கனியில் இருந்து பார்த்தேன். ஒழுங்கை முனை வரை. அதற்கு மேல் பார்க்கவில்லை, சத்தியமாக.

2.50. இரண்டு ரிங். கட். போய்ச் சேர்ந்துவிட்டார்! தேத்தண்ணி ஊற்றினேன். இறங்கியது.

3.30. தொடங்கியிருக்கும். கப்பல் எண்ணுவார்கள் இப்போது.

4.15. அலுமாரி துடைத்தேன். து.வின் பழைய கொப்பிகள். எறிய மனமில்லை.

4.40. கீழ் வீட்டில் யாரோ தேங்காய் திருவுகிறார்கள். எனக்கு ஒன்றும் சமைக்க ஓடவில்லை. பாண் வாங்கலாம்.

5.10. இப்போது அவன் பிந்துகிற இடம். பிந்தினால் இவருக்கு என்ன செய்யும்? தனிய இருந்து பார்க்கிறாரே. நானும் போயிருக்கலாம். விசரி, வீம்புக்கு இருந்துவிட்டாய்.

5.25. லைட் போட்டிருப்பார்கள். படம் முடிந்துதான் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

5.40. போன் இல்லை. பஸ் ஏறும்போது அடிக்கச் சொன்னேன். இரண்டு ரிங் போதும் என்றேன். சனக்கூட்டத்தில் போனை வெளியே எடுக்க ஏலாமல் இருக்கும். படியில் தடக்கினாரோ. ருஷ்தாவுக்கு அடிக்கலாமா. அவள் என்ன செய்வாள்.

5.50. இன்னும் இல்லை. ஜனவரியிலும் இதே கதிரை. சுவாமிக்கு விளக்கேற்ற எழும்பி நெருப்புப்பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து திரும்ப இங்கேயே இருந்துவிட்டேன். குச்சி கையில். இப்போதுதான் பார்க்கிறேன், குச்சியும் கையுமாக நான். ஐயோ.

6.20. இதை எழுதிவிட்டுத்தான் மற்றது.

ஐந்து ஐம்பத்தாறுக்கு அடித்தது. ஒன்று. இரண்டு. கட் ஆகும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஆகவில்லை. மூன்று. ஜனவரியில் அப்படித்தான், இரண்டோடு நிற்கவில்லை. நான்கு. எடுக்கக் கை போகவில்லை. ஐந்து. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வாய்க்குள் சொல்லை ஆயத்தம் பண்ணிக்கொண்டு எடுத்தேன்.

"ஹலோ."

மூச்சுச் சத்தம். பின்னால் பஸ் ஹோர்ன், சனம் கதைக்கிற சத்தம்.

"ஆர்? ஆர் கதைக்கிறது?"

"நான்," என்றார் இவர்.

"என்ன நடந்தது? விழுந்திட்டீங்களோ? ஏன் கட் பண்ணாமல் விட்டனீங்கள்? நான் இஞ்சை செத்துப்போனன்!"

சொல்லைத் தேடுகிறார். எனக்குக் கேட்கிறது, தேடுவது. நான் ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"அவனும்," என்றார். "அவனும்... கட் பண்ணேல்லை."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஓடியது. "அவள்? அவள் எடுத்தவளோ?"

"ஓம். உன்னைப் போல. கன நேரம்... கழிச்சு."

"எடுத்து?"

"ஹலோ... எண்டாள்."

அவ்வளவுதான் படம். இருவரும் அப்படியே லைனில் நின்றோம். ஒருவரும் ஒட்டுக்கேட்கவில்லை. மட்டக்குளியில் இருந்து பஸ் ஒன்று வருகிறதாம், ஏறப் போகிறாராம். "போன்... வைக்காதை," என்றார். வைக்காமல் ரிசீவரை மேசையில் கிடத்திவிட்டு இதை எழுதுகிறேன். கொண்டக்டரிடம் "வெள்ளவத்தை" என்று சொன்னது கேட்டது. தமிழில்.

விளக்கேற்ற வேண்டும்.